பங்கு போடுவதா கம்யூனிசம்?

“கம்யூனிசம் வந்தால் உன் வீடு உனக்குச் சொந்தமில்லை, உன் வண்டி உனக்குச் சொந்தமில்லை. எல்லாமே பொதுவாகிவிடும்.” இந்தப் பேச்சை யார் எடுத்தாலும் முதலில் வந்து விழுவது இதுதான். எதிர்ப்பவர்கள் பயத்தோடு சொல்கிறார்கள். ஆதரிப்பவர்களில் சிலர் இதையே ஒரு கனவைப் போலச் சொல்கிறார்கள். இரு தரப்பின் மனதிலும் இருப்பது ஒரே படம்: உலகத்தில் உள்ளதையெல்லாம் ஒரே குவியலாகக் கொட்டி, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது.

நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் இல்லை. ஆனால் இந்தச் சிந்தனை எனக்கு மிகவும் வேண்டியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாசிக்கத் தொடங்கினேன். இன்றும் அந்த நூல்களிடம் திரும்பத் திரும்பப் போகிறேன். அவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல் வெறுப்பவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. திறந்துகூடப் பார்க்காமல் கும்பிடுபவர்களைக் கண்டால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. என் வாசிப்பில் எனக்குப் பிடிபட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளை எப்படிப் பங்கு போடுவது என்பது கம்யூனிசத்துக்கு இரண்டாவது கேள்விதான். பலர் சேர்ந்து உழைத்து நடத்தும் ஒன்றைப் பற்றி யார் முடிவெடுப்பது என்பதே முதல் கேள்வி. அதைத் தவறவிட்டால் மற்றக் குழப்பங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

சொத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1848 பிப்ரவரியில் லண்டனில் ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’ வெளிவந்தபோது, அதை எழுதிய இருவரில் மார்க்ஸுக்கு 29 வயது, எங்கெல்ஸுக்கு 27. அதன் இரண்டாவது அத்தியாயத்தின் பெரும்பகுதி, எதிராளிகளின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வதில் போகிறது. இன்று நாம் கேட்கும் குற்றச்சாட்டுகளில் பாதி அங்கேயே இருக்கின்றன. பாடுபட்டுச் சேர்த்த சொத்தைப் பறிக்கப் போகிறீர்களா என்ற கேள்வியும் அதில் ஒன்று. சிறு கைவினைஞரின் சொத்தையும் சிறு விவசாயியின் சொத்தையும் நாங்கள் ஒழிக்க வேண்டிய தேவையே இல்லை, பெருந்தொழிலின் வளர்ச்சி அதை அன்றாடம் ஒழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று பதில் வருகிறது. அவர்கள் ஒழிக்க நினைத்தது வேறு வகைச் சொத்து. அடுத்தவர் உழைப்பைத் தன் கட்டளைக்குள் வைத்துக்கொள்ளும் வலிமையைத் தருகிற சொத்து: ஆலை, சுரங்கம், பெருநிலம், வங்கி, போக்குவரத்து.

நீங்கள் குடியிருக்கும் வீடு யாரையும் உங்களுக்காக வேலை செய்ய வைப்பதில்லை. நீங்கள் ஓட்டும் வண்டியும் அப்படித்தான். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை அப்படியல்ல. அதன் உரிமைப் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் அந்த ஆயிரம் பேரின் பகல் நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கிறார். எதை உற்பத்தி செய்வது, எவ்வளவு வேகத்தில், எந்த இயந்திரத்தில், யாரை வைத்துக்கொண்டு, யாரை அனுப்பிவிட்டு என்பதெல்லாம் அவர் முடிவு. இரண்டையும் ‘சொத்து’ என்ற ஒரே பெயரில் அழைப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

என் வேலைக்காலத்தில் ஒன்று நடந்தது. நான் இருந்த நிறுவனத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரிவை மூடினார்கள். நஷ்டம் இல்லை, வேறு இடத்தில் போட்டால் அதே பணத்துக்குக் கூடுதல் லாபம் வரும், அவ்வளவுதான் காரணம். அந்தப் பிரிவின் வேலையை நுணுக்கமாக அறிந்தவர்கள் அங்கே வேலை செய்தவர்கள்தான். அவர்களில் ஒருவரிடம்கூட எதுவும் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மேலாளர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் இருவர் உண்மையிலேயே மனம் உடைந்துபோனார்கள். ஆனால் அந்த முடிவு அவர்கள் கையிலும் இருக்கவில்லை. சொத்து என்பது மனிதர்களுக்கு இடையே உள்ள ஓர் உறவு என்று மார்க்ஸ் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்பது அன்று எனக்கு உறைத்தது.

சோவியத் ஒன்றியத்தில்கூட சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1936ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 10ஆவது பிரிவு, உழைத்துச் சம்பாதித்த வருமானம், சேமிப்பு, குடியிருக்கும் வீடு, வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றைக் குடிமக்களின் தனிப்பட்ட சொத்தாக ஏற்கிறது. அவை வாரிசுகளுக்குப் போவதையும் அது பாதுகாக்கிறது.

சரி, அப்படியானால் அந்தப் பயம் முழுக்கக் கட்டுக்கதையா? இல்லை. அதற்கு வரலாற்றில் ரத்தமும் சதையுமான காரணம் இருக்கிறது. பிரான்ஸ், ஜெர்மனி விவசாயிகளைப் பற்றி 1894இல் எழுதிய எங்கெல்ஸ், நாங்கள் ஆட்சிக்கு வந்தால் சிறு விவசாயியின் நிலத்தை வலுக்கட்டாயமாகப் பறிப்பதை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டோம், முன்மாதிரியாலும் உதவியாலும்தான் அவர்களைக் கூட்டுறவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். 1929இன் இறுதியிலிருந்து ஸ்டாலின் ஆட்சி செய்தது இதற்கு நேர் எதிர். நிலமும் மாடும் கலப்பையும் பறிக்கப்பட்டன. ‘குலாக்’ (பணக்கார விவசாயி) என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்கள் லட்சக்கணக்கில் நாடு கடத்தப்பட்டன. தொடர்ந்து 1932-33இல் உக்ரைன், கஜகஸ்தான், வோல்கா கரை என்று பரவிய பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தானியம் அதற்குப் பிறகும் ஏற்றுமதியானது. அந்தக் கிராமங்களில் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் ‘சிறு சொத்தை யாரும் தொட மாட்டார்கள் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதைப் பற்றிப் பேசப் பிறகு வருகிறேன்.

அடுத்தது ‘முதலாளி திருடன்’ என்ற கருத்து. இது பெரும்பாலும் நம் தரப்பு நண்பர்கள் சொல்வது. மார்க்ஸ் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய பொருளாதாரத்தின் சிறப்பே. 1867இல் வந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியின் முன்னுரையிலேயே, தனிமனிதர்களை இந்த அமைப்பின் உறவுகளுக்கு நான் பொறுப்பாளிகளாக்கவில்லை என்று எழுதிவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொள்ளும் சவால் கடினமானது. எல்லாப் பொருளும் அதனதன் மதிப்புக்கே விற்கப்படுகின்றன, தொழிலாளிக்கும் நியாயமான கூலியே கிடைக்கிறது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் லாபம் எங்கிருந்து வருகிறது?

அவர் தரும் விடை இது. தொழிலாளி விற்பது தன் உழைப்பை அல்ல, உழைக்கும் சக்தியை. அந்தச் சக்திக்கு ஒரு மதிப்பு உண்டு: அவரும் அவர் குடும்பமும் உண்டு உடுத்திப் படித்து மறுநாள் மறுபடி வேலைக்கு வர ஆகும் செலவு. அந்தச் செலவுக்கு ஈடான மதிப்பை அவர் ஐந்து மணி நேரத்தில் உண்டாக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் விற்றது எட்டு மணி நேர வேலைநாள் முழுவதையும். மீதி மூன்று மணி நேரத்தில் அவர் உண்டாக்குவது உபரி மதிப்பு. அது சொத்து வைத்திருப்பவருக்குப் போகிறது. இதில் பூட்டை உடைத்தவர் யாரும் இல்லை, சட்டத்தை மீறியவரும் யாரும் இல்லை. ஒப்பந்தம் நேர்மையானது, கையெழுத்து சுயமாகப் போட்டது. ஆனால் ஒருவரிடம் ஆலை இருக்கிறது, மற்றவரிடம் தன் உடலைத் தவிர விற்க வேறு எதுவும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இருந்த அந்த ஏற்றத்தாழ்வுதான் அவர் சுட்டிக்காட்டுவது. உபரி மதிப்புக் கோட்பாட்டை ஏற்காத பொருளாதார அறிஞர்கள் ஏராளம். மதிப்பு என்பது உழைப்பிலிருந்து வருவதில்லை, வாங்குபவரின் தேவையிலிருந்தும் விருப்பத்திலிருந்தும் வருகிறது என்பது அவர்கள் வாதம். அந்த விவாதம் நூறு ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. ஆனால் ‘பணக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் மார்க்ஸ்’ என்று சொல்லி அந்த விவாதத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. முதலாளி வர்க்கம் நிகழ்த்திய அதிசயங்களின் முன்னால் எகிப்தின் பிரமிடுகளும் ரோமானியரின் நீர்க்கால்வாய்களும் எம்மாத்திரம் என்று ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’யின் முதல் அத்தியாயம் வியந்து பேசுகிறது. முதலாளித்துவத்தை அந்த அளவுக்கு வாய்விட்டுப் புகழ்ந்த எதிரி வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி சமத்துவம். மருத்துவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒரே சம்பளம், எல்லோருக்கும் ஒரே அளவு வீடு, ஒரே மாதிரி உடை. இதுதான் கம்யூனிசம் என்று நம்புபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1875இல் மார்க்ஸ் எழுதிய ‘கோத்தா திட்ட விமர்சனம்’. ஜெர்மன் தொழிலாளர் கட்சிகள் இரண்டு ஒன்றிணைய வரைந்த திட்டத்தைப் பற்றி அவர் எழுதிய காட்டமான குறிப்புகள் அவை. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1891இல்தான் எங்கெல்ஸ் அதை அச்சேற்றினார்.

‘உழைப்பின் பலன் குறையாமல் உழைப்பவருக்கே’ என்று அந்தத் திட்டம் முழங்குகிறது. மார்க்ஸ் அதைப் பிடித்துக்கொள்கிறார். குறையாமல் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்கிறார். தேய்ந்த இயந்திரங்களை மாற்ற வேண்டும். உற்பத்தியை விரிவாக்க வேண்டும். விபத்துக்கும் இயற்கைச் சீற்றத்துக்கும் இருப்பு வைக்க வேண்டும். நிர்வாகச் செலவு இருக்கிறது. பள்ளிகள், மருத்துவம் இருக்கின்றன. வேலை செய்ய முடியாதவர்களைக் காப்பாற்ற வேண்டும். இவை எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தனிநபர் நுகர்வுக்கு. கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு எழுதப்பட்ட பக்கங்கள் அவை. புரட்சி என்றதும் நம் நினைவுக்கு வரும் உணர்ச்சிப் பெருக்கு அதில் ஒரு துளியும் இல்லை.

அப்புறம் அவர் இன்னும் ஆழமான இடத்துக்குப் போகிறார். உழைத்த அளவுக்கு ஏற்பக் கூலி என்பது சமமான அளவுகோல் மாதிரித் தெரியும். ஆனால் ஒருவர் உடல் வலுவானவர், இன்னொருவர் மெலிந்தவர். ஒருவருக்குக் குடும்பம் இல்லை, இன்னொருவருக்கு நான்கு குழந்தைகள். ஒரே அளவுகோலை வேறு வேறு மனிதர்கள் மேல் வைத்தால் விளைவு சமமாக இருக்காது. புதிய சமூகத்தின் முதல் கட்டத்தில் இந்தக் குறை இருந்தே தீரும் என்று அவர் ஒத்துக்கொள்கிறார். உற்பத்தி பெருகி, உழைப்பு என்பது பிழைப்புக்கான சுமை என்ற நிலை மாறிய பிறகுதான் ‘ஒவ்வொருவரிடமிருந்தும் அவர் திறனுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் அவர் தேவைக்கேற்ப’ என்ற நிலை வர முடியும் என்கிறார். இந்த வாசகத்தைப் பலரும் ‘எல்லோருக்கும் ஒரே அளவு’ என்று புரிந்துகொள்கிறார்கள். அது சொல்வது அதற்கு எதிரானது. சிறுநீரகம் பழுதானவருக்கு வேண்டியது ஒன்று, ஆரோக்கியமான இளைஞருக்கு வேண்டியது வேறொன்று. தேவைக்கேற்ப என்றால் ஆளுக்கு ஆள் வேறாகத்தான் இருக்கும். சமத்துவம் என்ற கோரிக்கையின் உள்ளடக்கம் வர்க்கங்களை ஒழிப்பதுதான், அதைத் தாண்டிப் போனால் அபத்தத்தில் முடியும் என்று எங்கெல்ஸும் 1878இல் எழுதினார்.

நடைமுறையில் சோவியத் நாடும் சம்பளத்தைச் சமமாக்கவில்லை. 1931இல் ஸ்டாலின் சம்பளத்தைச் சமமாக்குவதைத் தாக்கிப் பேசினார். 1935இல் ஒரே ஷிஃப்டில் 102 டன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்ட ஸ்தகானவ் பெயரில் ஓர் இயக்கமே நடந்து, அதிகம் உற்பத்தி செய்தவர்களுக்குக் கூடுதல் கூலியும் வீடும் சலுகையும் கிடைத்தன. 1936 அரசியல் சட்டம் ‘உழைக்காதவனுக்கு உணவில்லை’ என்பதைக் கொள்கையாகவே எழுதிவைத்தது. தேவைக்கேற்ப என்று அது சொல்லவே இல்லை, உழைப்புக்கேற்ப என்றுதான் சொன்னது. சோவியத் ஆட்சி தன்னைக் கம்யூனிச சமூகம் என்று ஒருபோதும் அறிவித்துக்கொண்டதில்லை. 1961இல் குருஷ்சேவ் காலத்துக் கட்சித் திட்டம்கூட 1980 வாக்கில் அதன் அடிப்படையை எட்டிவிடுவோம் என்று வாக்குக் கொடுத்ததோடு சரி.

எல்லோரும் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. 1848 அறிக்கையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது: அது உண்மையானால் இன்றைய சமூகம் எப்போதோ சோம்பலில் அழிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே உழைப்பவர்கள் சேர்ப்பதில்லை, சேர்ப்பவர்கள் உழைப்பதில்லை. பதில் சாமர்த்தியமானது, பிரச்சினையை முழுக்கத் தீர்ப்பதில்லை என்பதும் உண்மை. கூலி ஆசை இல்லாத இடத்தில் கடினமான, அழுக்கான வேலையை யார் செய்வார்கள் என்பது நேர்மையான கேள்வி. முதல் கட்டத்தில் உழைப்புக்கேற்பக் கூலி என்று மார்க்ஸ் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் படிக்கிறேன்.

மதத்தைப் பற்றியும் சுருக்கமாக. ‘மதம் மக்களின் அபின்’ என்ற மார்க்ஸின் ஒற்றை வரியை எல்லோரும் அறிவார்கள். அதற்கு முந்தைய வரியில் மதத்தை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்றும் இதயமற்ற உலகின் இதயம் என்றும் அவர் சொல்வதைப் பெரும்பாலோர் படித்ததில்லை. வலி இருப்பதால்தான் வலிநிவாரணி தேவைப்படுகிறது, வலியின் காரணத்தைப் பாருங்கள் என்பது அவர் நிலை. கோயிலை இடிக்கச் சொல்லும் நிலை அதுவல்ல. 1931இல் மாஸ்கோவின் பெரிய தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தவர்களும், 1967இல் அல்பேனியாவில் மத வழிபாட்டையே தடை செய்தவர்களும் வலியைத் தீர்த்தவர்கள் அல்ல, புதிய வலியைக் கொடுத்தவர்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் குழப்பத்துக்கு வருகிறேன். ‘அரசாங்கம் எடுத்து நடத்தினால் அது கம்யூனிசம்.’ இதில் எதிரிகளும் ஆதரவாளர்களும் கைகோத்து நிற்கிறார்கள். அரசு மருத்துவமனை கட்டினால் கம்யூனிசம், வரியை உயர்த்தினால் கம்யூனிசம், ரயிலை அரசே ஓட்டினால் கம்யூனிசம்.

எங்கெல்ஸ் இதைத் தன் காலத்திலேயே பார்த்துவிட்டார். ஜெர்மனியின் தலைமையமைச்சர் பிஸ்மார்க் ரயில்பாதைகளை அரசுடைமை ஆக்கியபோது அதைச் சோசலிசம் என்று சிலர் கொண்டாடினார்கள். புகையிலைத் தொழிலை அரசு எடுப்பது சோசலிசம் என்றால் நெப்போலியனையும் ஆஸ்திரியாவின் பழமைவாத அமைச்சர் மெட்டர்னிக்கையும் சோசலிசத்தின் நிறுவனர்கள் வரிசையில் வைக்க வேண்டியிருக்கும் என்று அவர் எழுதினார். இதே பிஸ்மார்க் 1878இல் சோசலிஸ்டுகளின் அமைப்புகளையும் பத்திரிகைகளையும் தடை செய்தார். 1883இல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். நலத்திட்டம் நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் அதைக் கம்யூனிசத்தின் கடும் எதிரியாலும் கொடுக்க முடிந்தது. உரிமைப் பத்திரம் தனியார் பெட்டியிலிருந்து அரசுப் பெட்டிக்கு மாறிய பிறகும், ஆலைக்குள் இருப்பவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்றால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு வேறு விடை எப்படி இருக்கும்? மார்க்ஸ் எதிர்காலத்தின் வரைபடத்தைப் போட்டுத் தர மறுத்தவர். ஆனால் ஒரு நிகழ்வைக் கண்டு உற்சாகமானார். 1871 மார்ச் 18 அன்று தொடங்கி மே 28 வரை, 72 நாட்கள் நீடித்த பாரிஸ் கம்யூன். அங்கே நகர மக்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை எப்போது வேண்டுமானாலும் திருப்பி அழைக்கலாம் என்பது அதன் கோட்பாடு. அதிகாரிகளின் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 6,000 ஃபிராங்க் என்று உச்சவரம்பு வைத்தார்கள். முதலாளிகள் விட்டுவிட்டுப் போன பட்டறைகளைத் தொழிலாளர் கூட்டுறவுகளிடம் ஒப்படைக்க ஆணையிட்டார்கள். ரொட்டித் தொழிலாளர்களின் இரவு வேலையை நிறுத்தினார்கள். தொழிலாளர் கையில் ஆட்சி என்ற பொருளில் மார்க்ஸ் சொன்ன ‘பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்’ என்றதும் ஒரு தலைவரின் பிரம்மாண்டச் சிலை நம் கண்முன் வருகிறது. அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா, பாரிஸ் கம்யூனைப் பாருங்கள் என்று எங்கெல்ஸ் 1891இல் சொன்னார். பல கட்சிக்காரர்களும் கட்சி சாராதவர்களும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டு முடிவெடுத்த ஒரு நகரசபையைத்தான் அவர் காட்டினார்.

இப்போது நான் பிறகு வருகிறேன் என்று சொன்ன இடம். 1937-38இல் மட்டும் சுமார் 6,80,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாக சோவியத் ரகசியப் போலீஸின் சொந்த ஆவணங்களே சொல்கின்றன. அவர்களில் 1917 புரட்சியை நடத்திய கம்யூனிஸ்டுகளும் ஏராளம். சீனாவில் ‘மாபெரும் முன்னோக்கிய பாய்ச்சல்’ என்ற மாவோவின் அவசர வளர்ச்சித் திட்டம் கொண்டுவந்த பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை என்று மதிப்பீடுகள் உள்ளன. கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் அமைப்பின் ஆட்சியில் 1975இலிருந்து 1979 வரை 15 முதல் 20 லட்சம் பேர்.

இதைக் கேட்டதும் ஆதரவாளர்கள் பலர் சொல்லும் பதில்: “அதெல்லாம் உண்மையான கம்யூனிசமே இல்லை.” இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அதை நடத்தியவர்கள் இந்த நூல்களைப் படித்தவர்கள், இந்தக் கொடியைப் பிடித்தவர்கள், பலர் அதற்காகச் சிறை சென்றவர்கள். எதிர்ப்பவர்கள் சொல்லும் “கம்யூனிசம் என்றாலே படுகொலைதான்” என்பதும் போதவில்லை. கம்போடியக் கொலைகார ஆட்சியை 1979 ஜனவரியில் கவிழ்த்தது வியட்நாம் படை. அந்த வியட்நாமை ஆண்டதும் கம்யூனிஸ்ட் கட்சிதான். ஒரே கொடி, முற்றிலும் வேறான செயல். ஆகவே பெயரை வைத்துக் கணக்கை முடிக்க முடியாது. எந்த இடத்தில் என்ன முடிவு எடுக்கப்பட்டது, அதை யார் எடுத்தார்கள், மறுக்க யாருக்கு இடம் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஸ்டாலினுக்கு முன்பே சறுக்கல் தொடங்கியது தெரிகிறது. 1917இல் ரஷ்ய ஆலைகளில் தொழிலாளர் குழுக்கள் தாமாகவே கட்டுப்பாட்டைக் கையில் எடுத்திருந்தன. 1918 ஏப்ரலிலேயே லெனின் ஆலைகளில் ஒரே நிர்வாகியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவது அவசியம் என்று வாதிட்டார். உள்நாட்டுப் போர், பட்டினி, அந்நியப் படைகள் என்று அவருக்குக் காரணங்கள் இருந்தன. அவை பொய்க் காரணங்களும் அல்ல. ஆனால் போர் முடிந்த பிறகும் அந்த அதிகாரம் திரும்பி வரவில்லை. 1921 மார்ச்சில் க்ரான்ஸ்டாட் கோட்டையின் கடற்படை வீரர்கள், சோவியத்துகளுக்கு (தொழிலாளர், வீரர்களின் மன்றங்களுக்கு) ரகசிய வாக்கெடுப்பில் புதுத் தேர்தல் வேண்டும், தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் பேச்சுரிமை வேண்டும், சிறையிலிருக்கும் சோசலிஸ்டுகளை விடுதலை செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். செம்படை உறைந்த கடலின் மீது நடந்துபோய் அவர்களை நசுக்கியது. அந்த வேலை முடிந்தது மார்ச் 18, பாரிஸ் கம்யூன் தொடங்கிய நாளின் சரியாக 50ஆவது ஆண்டு நிறைவில். அதே மாதம் நடந்த பத்தாவது கட்சி மாநாடு, தொழிற்சங்கங்களே தொழில்களை நிர்வகிக்க வேண்டும் என்று கேட்ட கொல்லந்தாய் முதலியோரின் ‘தொழிலாளர் எதிர்ப்பணி’யைக் கண்டித்து, கட்சிக்குள் கோஷ்டிகளையே தடை செய்தது.

ஆலையில் கேட்க ஆள் இல்லை, சோவியத்தில் கேட்க ஆள் இல்லை, கடைசியில் கட்சிக்குள்ளும் கேட்க ஆள் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பஞ்ச காலத்தில் தானியக் கொள்முதலை நிறுத்தச் சொல்லும் துணிவோ வழியோ யாரிடமும் எஞ்சவில்லை. பங்கீடு தவறியதால் மட்டும் அந்த மக்கள் சாகவில்லை. அவர்கள் சார்பில் ‘முடியாது’ என்று சொல்ல ஓர் அமைப்புகூட இல்லாததால் செத்தார்கள். கம்யூனிசத்தின் முதல் கேள்வியை வைத்துத்தான் நான் அந்த ஆட்சிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன். வெளியிலிருந்து அளவுகோல் எதுவும் கடன் வாங்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயத்தையும் ஆதரவாளர்களிடம் சொல்ல வேண்டும். சந்தையை எடுத்துவிட்டுத் திட்டமிட்டால் போதும், எல்லாம் சீராகிவிடும் என்று நினைப்பது எளிது. 1920இல் மீசஸ் என்ற ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் இதன் மேல் ஒரு கடுமையான கேள்வியை வைத்தார். இயந்திரங்களுக்கும் மூலப்பொருளுக்கும் சந்தை விலையே இல்லாத இடத்தில், ஒரு டன் எஃகைப் பாலத்துக்குக் கொடுப்பதா, டிராக்டருக்குக் கொடுப்பதா என்று எதை வைத்துக் கணக்கிடுவீர்கள்? சோவியத் திட்டக்குழு பல பத்தாண்டுகள் இதில் திணறியது. எடையில் இலக்கு வைத்தால் ஆலைகள் தேவைக்கு மேல் கனமான பொருள்களைச் செய்தன. எண்ணிக்கையில் வைத்தால் தரம் போனது. 1930களின் இறுதியில் லெனின்கிராடைச் சேர்ந்த கணிதவியலாளர் கான்டரோவிச், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்கு வேலையைப் பகிர்ந்து தரும் சிக்கலைத் தீர்க்கப்போய் இருக்கும் வளத்தை மிகுந்த பயன் தரும்படி பங்கிடும் நேரியல் திட்டமிடல் என்ற கணித முறையையே கண்டுபிடித்தார். அவருடைய கணக்கில் கிடைத்த மதிப்பீடுகள் பார்க்க விலைகளைப் போலவே இருந்தன. அதனாலேயே சொந்த நாட்டில் அவர் நீண்ட காலம் சந்தேகத்துக்கு உள்ளானார். 1975இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. இன்றைய கணினிகளால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு எளிதாக நம்பவில்லை. கணக்குப் போடும் வேகம் ஒரு பக்கம். மக்களுக்கு உண்மையில் என்ன வேண்டும், கையில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்ற தகவல் பொய்யின்றி மேலே வர வேண்டும். பயம் ஆளும் இடத்தில் அது வராது. திட்டமிடலின் சிக்கலும் போய் நிற்பது அதே கேள்வியில்தான்.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் அறிக்கையின் முதல் இரண்டு அத்தியாயங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். பிறகு கோத்தா விமர்சனம். ‘மூலதன’த்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம், சரக்கு பற்றிய முதல் அத்தியாயத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். மார்க்ஸே தன் நண்பர் குகல்மனுக்கு 1867இல் எழுதிய கடிதத்தில், உங்கள் மனைவியை வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள் என்றார். ஆங்கிலேய ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை வைத்து, குழந்தைகள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று அவர் அடுக்கும் பக்கங்கள் அவை. அதற்குப் பிறகு, 1918இல் ஜெர்மன் சிறையிலிருந்து மார்க்ஸியப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் ரஷ்யப் புரட்சியைப் பற்றி எழுதிய சிறு நூல். புரட்சியை முழு மனதோடு வரவேற்றுக்கொண்டே, மாற்றுக் கருத்து உள்ளவருக்கு இல்லாத சுதந்திரம் சுதந்திரமே அல்ல என்று லெனினிடமும் டிராட்ஸ்கியிடமும் அவர் முகத்துக்கு நேரே வாதிடுகிறார். கையோடு மீசஸின் 1920 கட்டுரையையும் படித்துவிடுங்கள். அது நீளமானதில்லை, எதிர்த் தரப்பின் வலுவான வாதம் அதில்தான் இருக்கிறது.